ஏறாதவரின் நம்பிக்கை: ஓட்டுநரில்லா வாகனங்களும் பூந்தமல்லி – ஆவடிச் சாலையும்

முன்னுரை

பூந்தமல்லி – ஆவடிச் சாலையில் உள்ள பருத்திப்பட்டுக்கு வடக்கே ஆவடி, தெற்கே பூந்தமல்லி. இரண்டு ஊர்களிலும் ஓட்டுநரில்லா ஊர்திகள் ஏற்கெனவே வந்துவிட்டன. ஆவடியில் உள்ள சி.வி.ஆர்.டி.இ. எனும் போர் ஊர்தி ஆய்வு நிறுவனம், ‘முன்ட்ரா’ என்ற ஆளில்லாக் கவச ஊர்தியை 2017இல் அறிமுகப்படுத்தியது. பூந்தமல்லிக்கும் முல்லைத்தோட்டத்துக்கும் இடையே சென்னை மெட்ரோவின் ஓட்டுநரில்லா ரயில் 2025 மார்ச் 20 அன்று சோதனையாக ஓடியது. இந்த இரண்டு ஊர்களையும் இணைக்கும் சாலையில் ஓட்டுநரில்லாக் கார் ஒன்று வந்தால் மக்கள் அதை நம்புவார்களா?

இக்கேள்வியை ஆராய்பவர்கள் பெரும்பாலும் பயணியிடமே விடை தேடுகிறார்கள். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. 2025இல் நடத்திய கருத்துக்கணிப்பில், 61 விழுக்காட்டினர் தானியங்கிக் காரில் ஏற அஞ்சுவதாகவும் 13 விழுக்காட்டினர் நம்புவதாகவும் கூறினர். அங்கே கேட்கப்பட்டது காரில் ஏறுவது பற்றி. நம் சாலைகளில் முதலில் கேட்கப்பட வேண்டியவர், அக்காரில் ஒருபோதும் ஏறாமல் அதன் முன்னே சாலையைக் கடப்பவர் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மூன்று வெளிகள்

ஓட்டுநரில்லா ஊர்தி இயங்கும் இடத்தை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, மனிதர் இல்லாத வெளி. கண்காணிப்பு, கண்ணிவெடி கண்டறிதல், அணு, வேதியியல் மாசுள்ள பகுதிகளை ஆராய்தல் ஆகியவற்றுக்காக உருவான முன்ட்ரா இதற்கு எடுத்துக்காட்டு. மனிதர் போகக் கூடாத இடத்துக்கு அது போகிறது. அங்கே பொதுமக்களின் நம்பிக்கை பற்றிய கேள்வியே எழாது.

இரண்டாவது, மனிதர் பிரிக்கப்பட்ட வெளி. மெட்ரோ ரயில் உயர்பாதையிலோ சுரங்கத்திலோ ஓடுகிறது. நடைமேடை ஓரத் தடுப்புக் கதவுகள் ரயில் வந்து நின்ற பிறகே திறக்கின்றன. சிங்கப்பூரின் வடகிழக்கு வழித்தடம் 2003 முதல் ஓட்டுநரில்லாமல் ஓடுகிறது. லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்கும் தமிழர்கள் எந்தத் தயக்கமும் இன்றி அதில் போய்வருகிறார்கள். டெல்லியின் மஜந்தா வழித்தடத்தில் 2020 டிசம்பர் 28 அன்று இச்சேவை தொடங்கியது.

மூன்றாவது, மனிதர் கலந்த வெளி. பூந்தமல்லி – ஆவடிச் சாலை இவ்வகை. நடப்பவர், மிதிவண்டிக்காரர், ஷேர் ஆட்டோ, மாநகரப் பேருந்து, லாரி, மாடு எல்லாம் ஒரே தளத்தில் இயங்குகின்றன. முதலிரு வெளிகளில் கிடைத்த வெற்றியை மூன்றாவதற்கான சான்றாகக் காட்ட முடியாது. அவ்விரண்டிலும் வழிப்போக்கர் என்ற ஒருவரே இல்லை.

கை காட்டிக் கடப்பது

இந்தச் சாலையை ஒருவர் எப்படிக் கடக்கிறார் என்று கூர்ந்து பார்க்க வேண்டும். காய்கறிப் பையோடு ஓரத்தில் நிற்கும் மூதாட்டி, வரும் வண்டியின் வேகத்தைவிட ஓட்டுபவரின் முகத்தையே கவனிக்கிறார். கையை உயர்த்தி ஓரடி வைக்கிறார். ஷேர் ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்துத் தலையசைக்கிறார். பின்னால் பைக்கில் வருபவர் அதைக் கண்டு விலகுகிறார். சில நொடிகளில் மூவருக்கிடையே ஓர் உடன்பாடு முடிந்துவிடுகிறது. எந்தப் போக்குவரத்து விதியிலும் இது எழுதப்படவில்லை. ஆனாலும் அன்றாடம் பலர் உயிரோடு வீடு திரும்புவது இதன் பலத்தால்தான்.

ஓட்டுநரை எடுத்துவிட்டால் இந்த உடன்பாட்டில் ஒரு தரப்பு இல்லாமல் போகிறது. இது வெறும் அச்சம் இல்லை என்பதற்கு அரிசோனா மாநிலம் டெம்பியில் 2018 மார்ச் 18 இரவு நடந்த விபத்து சான்று. மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண் ஊபரின் தானியங்கிச் சோதனைக் கார் மோதி இறந்தார். மோதலுக்கு 5.6 நொடி முன்பே கருவிகள் அவரைக் கண்டுவிட்டன என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. ஆனால் மென்பொருள் அவரை வாகனம், இனம் தெரியாத பொருள், மிதிவண்டி என்று மாற்றி மாற்றி வகைப்படுத்திக்கொண்டிருந்தது. பாதசாரிக் கடவைக்கு வெளியே ஒருவர் சாலையைக் கடக்கக்கூடும் என்பதே அதன் வடிவமைப்பில் கருதப்படவில்லை. கோடு போட்ட இடத்தில் மட்டுமே மக்கள் கடப்பார்கள் என்று எண்ணும் ஓர் இயந்திரத்துக்குப் பருத்திப்பட்டில் பெரும்பாலான மக்கள் கண்ணில் படவே மாட்டார்கள்.

பதில் சொல்ல வேண்டியவர்

நிறுவன உறவுகளில் நம்பிக்கையை ஆராய்ந்த மேயர், டேவிஸ், ஸ்கூர்மன் ஆகியோர் 1995இல் அதற்கு மூன்று அடிப்படைகளைக் கூறினர்: திறமை, நல்லெண்ணம், நேர்மை. தானியங்கிக் கார் பற்றிய விவாதம் திறமையோடு நின்றுவிடுகிறது. மற்ற இரண்டும் இயந்திரத்தில் இருப்பவை அல்ல. அதை இயக்குவோரிடமும் கண்காணிப்போரிடமும்தான் அவற்றைத் தேட வேண்டும்.

டெம்பி விபத்தில் ஊபர் நிறுவனத்தின் மீது குற்ற வழக்குத் தொடரப்படவில்லை. காரில் அமர்ந்திருந்த பாதுகாப்புப் பணியாளரே 2023இல் தண்டனை பெற்றார். இயந்திர அமைப்பின் பிழைக்கான பழி அதன் அருகே இருக்கும் எளிய மனிதர் மேல் இறங்குவதை மேடலின் கிளேர் எலிஷ் 2019இல் ஒரு கோட்பாடாகவே முன்வைத்தார். 2023 அக்டோபர் 2 அன்று சான் பிரான்சிஸ்கோவில் வேறொரு கார் மோதித் தூக்கியெறிந்த பெண், குரூஸ் நிறுவனத்தின் ஓட்டுநரில்லாக் காருக்கு அடியில் சிக்கி ஏறத்தாழ 6 மீட்டர் இழுத்துச் செல்லப்பட்டார். நிறுவனம் தகவலைத் தவறாகத் தந்ததையும் ஒரு காரணமாகக் காட்டி, அதே மாதம் 24ஆம் நாள் கலிபோர்னியா அரசு அதன் உரிமத்தை நிறுத்திவைத்தது. இரண்டு விபத்துகளிலும் அடிபட்டவர்கள் காருக்கு வெளியே இருந்தவர்கள்.

இதற்கு மாறான நடைமுறை நம் நாட்டு ரயில்வேயிலேயே உண்டு. 2017 டிசம்பர் 19 அன்று டெல்லியின் காளிந்தி குஞ்ச் பணிமனையில் ஓட்டுநரில்லா இயக்கத்துக்கென வந்த மெட்ரோ ரயில் ஒன்று சுவரை இடித்து வெளியே வந்தது. அது மனிதத் தவறு என்று டெல்லி மெட்ரோ ஒப்புக்கொண்டது; பொறுப்பானவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். புதிய பாதை எதுவாயினும் ரயில் பாதுகாப்பு ஆணையரின் சான்று பெறாமல் பயணிகளை ஏற்ற முடியாது. அந்த ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வராமல் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. இயக்குபவரும் சோதிப்பவரும் வேறு வேறாக இருப்பதால் மக்களின் நம்பிக்கைக்கு ஓர் ஆதாரம் கிடைக்கிறது.

சாலைக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988 ஓட்டுநரையும் உரிமையாளரையும் மையமாக வைத்து எழுதப்பட்டது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 2பி பிரிவு, புத்தாக்கத்துக்காகச் சில வாகனங்களுக்கு இச்சட்டத்திலிருந்தே விலக்களிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஆய்வுக்கு அது உதவலாம். ஆனால் விலக்கோடு கடமைகளும் சேர்ந்து வராவிட்டால், அடிபட்டவர் யாரிடம் போய் நிற்பது? பிரிட்டன் 2024இல் இயற்றிய தானியங்கி வாகனச் சட்டத்தில், ஓட்டும் முறைக்கு அனுமதி பெற்ற நிறுவனமே பொறுப்பேற்க வேண்டும்.

மறுப்பும் விடையும்

இவ்வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகளில் 17,884 பேர் இறந்தனர். குடிக்காத, தூங்காத, கைபேசி பார்க்காத இயந்திரத்தைத் தாமதிப்பதும் உயிரிழப்புக்கு வழிவகுக்காதா? ஓட்டுநரில்லாக் கார்களை இயக்கும் வேமோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்ட ஆய்வு, 5.67 கோடி மைல் ஓட்டத்தில் காயம் விளைவிக்கும் விபத்துகள் மனிதர் ஓட்டுவதைவிட வெகுவாகக் குறைந்ததாகக் காட்டியது.

இந்தச் சான்றை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அது கிடைத்தது பீனிக்ஸ், சான் பிரான்சிஸ்கோ போன்ற நகரச் சாலைகளில். இந்தியாவில் 2022இல் சாலையில் இறந்தவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள், 19.5 விழுக்காட்டினர் நடந்து சென்றவர்கள். நம் ஊரில் சாவு பெரும்பாலும் காருக்கு வெளியேதான் நேர்கிறது. வெளியே இருப்பவர்களைக் காக்கும் திறமை இங்கேயே, இந்த நெரிசலிலேயே, சுதந்திரமான அமைப்பின் கண்முன் மெய்ப்பிக்கப்பட வேண்டும்.

மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017இலும் 2023இலும் ஓட்டுநர்களின் வேலை பறிபோகும் என்று கூறி இத்தகைய கார்களை எதிர்த்தார். அக்கவலை நியாயமானது. ஆனால் பிழைப்பைக் காரணமாகக் காட்டி மறுத்தாலும், உயிர்ப் பாதுகாப்பு பற்றிய கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. ஒருநாள் அந்த எதிர்ப்பு நீங்கினால், அதுவரை எந்தப் பாதுகாப்பு நெறியும் எழுதப்படாமலே இருக்கும்.

முடிவுரை

மக்களின் ஐயத்தை அறியாமை என்று எண்ணி விளம்பரத்தால் போக்க முயல்வது தவறு. அந்த ஐயம் தன்னளவில் பொறுப்பான கேள்வி. அதற்கு விடையாக நான்கு ஏற்பாடுகள் தேவை: ரயில் பாதுகாப்பு ஆணையத்தைப் போல உற்பத்தியாளருக்கும் போக்குவரத்துத் துறைக்கும் வெளியே நிற்கும் ஒரு சோதனை அமைப்பு, அடிபட்டவர் தவறை மெய்ப்பிக்கத் தேவையின்றி இயக்கும் நிறுவனமே இழப்பீடு தருவது, ஒவ்வொரு விபத்தின் பதிவும் தமிழில் பொதுவில் வெளியாவது, பிரிக்கப்பட்ட வெளியில் தொடங்கிப் படிப்படியாகவே கலந்த வெளிக்கு அனுமதி தருவது. அனுமதிக்கு முன் கருத்துக் கேட்கும்போது, காரில் ஏறப்போகிறவர்களுக்கு இணையாக அச்சாலையில் நடப்பவர்களும் பைக்கில் போகிறவர்களும் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர்களும் கேட்கப்பட வேண்டும். தன் உயிரைப் பணயமாக வைப்பவரின் சம்மதத்தை வேறொருவர் வாங்கும் பயணச்சீட்டால் பெற்றுவிட முடியாது.