புழுவற்ற யானைக்கால்: எத்தியோப்பியச் செம்மண்ணும் நோயறிதலும்

1872இல் கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் மனித இரத்தத்தில் நுண்புழுக்களைக் கண்டார். 1877இல் சீனத்தின் அமோய் நகரில் பாட்ரிக் மேன்சன் அவை கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டறிந்தார். அதன்பின் யானைக்கால் என்றாலே புழுநோய் என்னும் கருத்து வேரூன்றியது.

எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் இக்கருத்துப் பொருந்தவில்லை. அங்குக் கால் வீங்கிய உழவர்களின் இரத்தத்தில் புழு காணப்படவில்லை. எனினும், முற்றிய நிலையில் புழுநோயாளியின் இரத்தத்திலும் புழு காணப்படாமல் போவதுண்டு. ஆகவே இரத்தச் சோதனையைக் கொண்டு மட்டும் எதனையும் முடிவுசெய்ய இயலவில்லை. சான்று வேறிடத்திலிருந்து வந்தது. பிரித்தானிய மருத்துவர் எர்னஸ்ட் பிரைஸ் 1970களில் நோயாளிகளின் தொடையிடுக்கு நிணநீர்க் கணுக்களை ஆராய்ந்து, அவற்றில் நுண்ணிய மண் துகள்கள் படிந்திருப்பதைக் காட்டினார். எரிமலைப் பாறை சிதைந்து உண்டான செம்மண்ணில் வெறுங்காலுடன் உழைப்போரின் பாதத்தோல் வழியே அவை புகுந்தன என்பது அவர் முடிவு.

இதனால் நோயறிதல் ஆய்வுக்கூடத்தைவிட்டு நோயாளியின் பாதத்திற்கு வந்தது. வீக்கம் பாதத்தில் தொடங்கி மேலேறியதா, தோல் பாசி படர்ந்தாற்போல் தடித்துள்ளதா, ஊர் மண் எத்தகையது, காலணி அணியும் வழக்கம் உண்டா என்பனவே வினாக்களாயின. இவ்வேறுபாடு பெயரளவினது அன்று: புழுக்கொல்லி மாத்திரை இந்நோய்க்குப் பயன்படாது, நாள்தோறும் கால் கழுவுதலும் காலணியும் பயன்படும். குடும்பச் சாபமெனக் கருதப்பட்டு மணஉறவு மறுக்கப்பட்டோருக்கு இவ்விளக்கம் காலந்தாழ்ந்தே கிட்டியது. உலக நலவாழ்வு நிறுவனம் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களுள் இதனைச் சேர்த்தது 2011இல்தான்.