பதிமூணு வயசுக் கணக்கு

ஸ்ரீரங்கம் பையன் ஒருத்தன், பதினைஞ்சு வயசு. பெரிய கடைவீதிக்குப் போய் தவணையில சைக்கிள் கேட்டா கடைக்காரர் என்ன சொல்வார்? "அப்பாவக் கூட்டிட்டு வா தம்பி."

அதுக்குப் பின்னாடி சட்டம் இருக்கு மக்களே. 1875-ல வந்த சட்டம் 18 வயசுதான் மேஜர்னு கோடு போட்டுச்சு. 1903-ல லண்டன் பிரிவி கவுன்சில், கல்கத்தா வழக்கு ஒண்ணுல, மைனர் போட்ட ஒப்பந்தம் அடியோட செல்லாதுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. மைனர்கிட்ட அடமானம் எழுதி வாங்கிக் கடன் கொடுத்தவருக்குப் பட்டை நாமம் :-)

அதே பையன் நெட்டுல "சம்மதம்"னு பட்டனை அமுக்கினா மட்டும் எப்படிச் செல்லுது? அதுக்கு ஒரு கதை இருக்கு.

முதல்ல ஒண்ணு. பசங்களைக் குறிவெச்சு விற்கிறது புதுசு இல்ல. விவித்பாரதியில 1967-லயும், தூர்தர்ஷன்ல 1976-லயும் விளம்பரம் நுழைஞ்சாச்சு. ஆனா ரேடியோவும் டிவியும் கூடத்துல இருந்துச்சு. பேரன் கேட்ட விளம்பரத்தைப் பாட்டியும் கேட்டாங்க, "அதெல்லாம் ஒண்ணும் வேணாம்"னு அங்கயே முடிச்சாங்க. சத்திரம் பஸ் ஸ்டாண்டு போஸ்டருக்கோ, தன்னைப் பார்க்கிறது யாருன்னே தெரியாது.

1995 ஆகஸ்ட் 15-ல நம்ம நாட்டு ஜனங்களுக்கு இன்டர்நெட் வந்துச்சு. 1998-ல அமெரிக்கா ஒரு சட்டம் போட்டுச்சு: 13 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களோட தகவலை, பெத்தவங்க அனுமதி இல்லாம இணையதளங்கள் வாங்கக்கூடாது. 2000 ஏப்ரல்ல அமல். பெத்தவங்களைத் தேடிப் பிடிக்கிறதைவிட, "13 ஆகலன்னா உள்ள வராதே"ன்னு போர்டு மாட்டறது கம்பெனிகளுக்குச் சுலபம். 2006 செப்டம்பர்ல பேஸ்புக் எல்லாருக்கும் கதவு திறந்தப்பவும் அதே 13 தான். வாஷிங்டன்ல போட்ட கோடு நம்ம அம்மா மண்டபம் வரைக்கும் நீண்டுச்சு. 1875 கோட்டை யாரும் கேக்கல.

பசங்க சும்மா இருப்பாங்களா? பிறந்த வருஷத்தை மாத்திப் போட்டாங்க. பதினோரு வயசுல "எனக்குப் பதினாறு"ன்னு சொன்னவன், பதிமூணு ஆகறப்பவே கம்ப்யூட்டர் கணக்குல மேஜர் ஆயிடறான். அப்புறம் பெரியவங்களுக்கான விளம்பரமெல்லாம் அவனைத் தேடி வரும்.

இதுல பயப்பட என்ன இருக்குன்னு கேக்கறீங்களா? 2017-ல ஆஸ்திரேலியப் பத்திரிகை ஒண்ணு பேஸ்புக்கோட உள் ஆவணத்தை வெளியிட்டுச்சு. டீன் ஏஜ் பசங்க எப்போ சோர்ந்திருக்காங்க, எப்போ தங்களை மட்டமா நினைக்கறாங்கன்னு கண்டுபிடிக்க முடியும்னு விளம்பரதாரர்கிட்ட சொன்னதா செய்தி. அதை வெச்சு விளம்பரம் காட்டறதில்லன்னு பேஸ்புக் மறுத்துச்சு. 2019-ல, குழந்தைங்க தகவலை வெச்சு விளம்பரம் காட்டினதுக்காக யூடியூப் விஷயத்துல கூகுள் அமெரிக்காவுல 17 கோடி டாலர் கட்டிச்சு.

நம்ம பக்கமும் சத்தம் எழுந்துச்சு. அதே 2019 ஏப்ரல்ல உயர்நீதிமன்றத்தோட மதுரைக் கிளை (திருச்சியும் அதோட எல்லைதான்) டிக்டாக்குக்குத் தடை போட்டு, அந்த மாசமே நீக்குச்சு. ஆனா அங்க கவலை ஆபாசத்தையும் பிள்ளைங்க பாதுகாப்பையும் பத்தித்தான். விளம்பரத்தைப் பத்தி இல்ல.

அதுக்குக் கடைசியில 2023-ல வழி பொறந்துச்சு. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் திரும்ப 18-ஐயே பிடிச்சிருக்கு. அதுக்குக் கீழ இருக்கறவங்களைப் பின்தொடர்ந்து, குறிவெச்சு விளம்பரம் காட்டக்கூடாது. மீறினா 200 கோடி ரூபா வரைக்கும் அபராதம். விதிகள் 2025 நவம்பர்ல வந்துச்சு, கம்பெனிகள் தயாராக 18 மாசம் அவகாசம்.

ஆக, கடைவீதிக்காரர் கேட்ட அதே கேள்வியைக் கம்பெனிகளும் கேக்கணும்னு சொல்ல 148 வருஷம். சந்தோஷம்தான். ஆனா வயசை எப்படிச் சோதிப்பாங்க? எல்லார்கிட்டயும் அடையாள அட்டை கேட்டா, தகவலைக் காப்பாத்த வந்த சட்டத்துக்காகவே இன்னும் தகவல் கொடுக்கணும். அப்பா போனையே பையனும் நோண்டற வீட்டுலயோ, கம்பெனிக்குத் தெரியறது அப்பா வயசு மட்டும்தான். அந்த வீட்டுல பழைய பாட்டி வைத்தியம்தான் கைகொடுக்கும்: போனைக் கூடத்துல வைங்க, கூட உக்காந்து பாருங்க.