ஒரே ஒரு ஓட்டு

அமெரிக்கா இரண்டாம் உலகப்போருக்குள் எப்போது நுழைந்தது? கேட்டால் யோசிக்காமல் 1941 டிசம்பர் 7, பேர்ல் ஹார்பர் என்போம். எனக்கு அதற்கு நான்கு மாதம் முந்தைய ஆகஸ்ட் 12தான் முக்கியமாகப் படுகிறது.

1940இல் வந்த கட்டாய ராணுவச் சேவைச் சட்டப்படி சேர்க்கப்பட்ட இளைஞர்களுக்கு ஓராண்டுதான் கெடு. அதை இன்னும் 18 மாதம் நீட்டிக்க வேண்டும் என்றது அரசு. முகாம் சுவர்களில் பையன்கள் 'ஓஹையோ' என்று கிறுக்கி வைத்திருந்தார்கள். அந்த மாநிலத்தின் மேல் பாசமெல்லாம் இல்லை. 'அக்டோபரில் ஓடிப்போவோம்' என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் அவை. ஆகஸ்ட் 12 அன்று பிரதிநிதிகள் சபை ஓட்டுப் போட்டது. ஆதரவு 203, எதிர்ப்பு 202. ஹிட்லரின் படை ரஷ்யாவுக்குள் புகுந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. அப்போதும் இதுதான் கணக்கு.

அந்த 202 பேரைக் கோழைகள் என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் முதல் உலகப்போரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் செத்திருந்தார்கள். அந்தப் போரில் ஆயுத வியாபாரிகள் கொழுத்த கதையை செனட்டர் ஜெரால்ட் நையின் குழு 1934 முதல் தோண்டி எடுத்தது. அந்தக் கசப்பில்தான் நடுநிலைச் சட்டங்கள் பிறந்தன. போரிடும் நாட்டுக்கு ஆயுதம் விற்கக் கூடாது, கடனும் கொடுக்கக் கூடாது.

பிறகு நடந்தவை, என்னைப் போன்ற மென்பொருள்காரன் கண்ணுக்கு, சின்னச் சின்ன பேட்ச்கள். 1939இல், ரொக்கம் கொடுத்து உங்கள் கப்பலிலேயே ஏற்றிப் போனால் ஆயுதம் உண்டு. 1940இல் 50 பழைய போர்க்கப்பல்கள் பிரிட்டனுக்கு, பதிலுக்கு ராணுவத் தளங்கள். 1941 மார்ச்சில் கடன்-குத்தகைச் சட்டம், ரொக்கமும் வேண்டாம். ஜூலையில் ஜப்பானின் சொத்துகள் முடக்கம், தொடர்ந்து எண்ணெயும் நின்றது. போரை நெருங்கவிடாமல் வைக்கும் ஏற்பாடு என்றுதான் இவற்றில் பெரும்பாலானவை விற்கப்பட்டன. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. சேர்த்துப் பார்த்தால் நாடு ஏற்கெனவே பாதிப் போருக்குள் நிற்கிறது.

டிசம்பர் 8. ஜப்பான் மீது போர் அறிவிக்க அதே சபையில் ஓட்டெடுப்பு: 388க்கு 1. அந்த ஒருவர் ஜெனட் ராங்கின். 1917இலும் போர் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டவர். இம்முறை ஆத்திரப்பட்ட கூட்டத்துக்குத் தப்பி டெலிபோன் பூத்துக்குள் ஒதுங்க வேண்டியிருந்தது.

குண்டு விழுந்த மறுநாள் யாருக்கும் வாதம் தேவைப்படவில்லை. போருக்குப் போகலாமா என்று ஒரு நாடு உண்மையிலேயே விவாதிக்க முடிந்தது அதற்கு முன்புதான், அந்தச் சலிப்பூட்டும் மசோதாக்களின் மேல். அதனால்தான் நான் 388ஐவிட 203ஐ நினைவில் வைத்திருக்கிறேன்.