‘ஒரு தடவை பாக்கலாம்’: கணினி படிக்காத விமர்சனம்

‘படம் எப்படி?’ என்ற கேள்விக்குத் தமிழில் வரும் பதில்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது ‘ஒரு தடவை பாக்கலாம்’. டிக்கெட் காசு வீண் இல்லை, ரெண்டாவது தடவை போகிற அளவுக்கும் இல்லை. இதைச் சொல்பவர் பெரும்பாலும் காரணத்தையும் சேர்த்தே சொல்வார்: ‘இன்டர்வெல் வரைக்கும் நல்லா போச்சு, அப்புறம் இழுத்துட்டாங்க.’ மூன்றே சொல்லில் இவ்வளவு நிதானமான தீர்ப்பு வேறு எதற்கும் நாம் கொடுப்பதில்லை.

கணினி வழியாக ரசிகர்கள் படம் பார்த்த கதையைப் பேசத் தொடங்கி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பேச்சுதான் பின்னாளில், மனிதர்களுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று கணினிக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடப்புத்தகமாக மாறியது. அந்தப் புத்தகத்தில் ‘ஒரு தடவை பாக்கலாம்’ என்கிற பக்கம் மட்டும் கிடையாது. அது எந்த இடத்தில், எதற்காக விடுபட்டது என்பதைத்தான் இந்தப் பதிவில் பார்க்கப் போகிறோம்.

எழுத்து மட்டும் இருந்த காலம்

வலைத்தளங்கள் வருவதற்குப் பத்து வருஷத்துக்கு முன்பே யூஸ்நெட் வந்துவிட்டது. 1979-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் யோசித்தது. 1980-ல் ஓடத் தொடங்கியது. ஒரு கணினி இன்னொரு கணினிக்குத் தொலைபேசி இணைப்பில் கூப்பிட்டுச் செய்திகளைக் கைமாற்றும். படம் கிடையாது, நட்சத்திரக் குறி கிடையாது, லைக் பட்டன் கிடையாது. வெறும் எழுத்து. ஒருவர் படம் பார்த்துவிட்டு வந்தால், என்ன தோன்றியதோ அதை வாக்கியமாகத்தான் எழுதியாக வேண்டும்.

சினிமாவுக்கு அங்கே நெட்.மூவிஸ் என்றொரு குழு இருந்தது. 1986-87-ல் யூஸ்நெட் முழுவதற்கும் பெயர் மாற்றம் நடந்தபோது அது ரெக்.ஆர்ட்ஸ்.மூவிஸ் ஆனது. இன்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்லும் ‘ஸ்பாய்லர் அலர்ட்’ என்ற எச்சரிக்கை பரவியது இந்த மாதிரிக் குழுக்களில்தான். 1982 ஜூனில் ‘ஸ்டார் ட்ரெக்’ வரிசையின் இரண்டாவது படம் வந்தபோது, ஸ்பாக் பாத்திரத்தின் முடிவைப் பேசுகிறேன் என்று முன்கூட்டியே எச்சரித்து எழுதியதுதான் இதன் ஆரம்பகால உதாரணமாகக் காட்டப்படுகிறது. கதையை மறைப்பதற்கு ராட்-13 என்ற முறையையும் பயன்படுத்தினார்கள். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றையும் பதின்மூன்று இடம் தள்ளிப் போடுவது, அவ்வளவுதான். 26 எழுத்து என்பதால் இன்னொரு தடவை தள்ளினால் பழைய எழுத்தே வந்துவிடும். இது யாராலும் உடைக்க முடியாத பூட்டெல்லாம் இல்லை. படிக்க விரும்புகிறவர் மட்டும் தானே விலக்கிப் பார்க்கும் திரை. பார்க்காதவனின் சந்தோஷத்தைக் கெடுக்கக் கூடாது என்ற நாகரிகத்தை நிரலாக எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

இதே குடும்பத்தில் விமர்சனங்களுக்கென்றே மட்டுறுத்தப்பட்ட தனிக் குழு ஒன்றும் வந்தது: ரெக்.ஆர்ட்ஸ்.மூவிஸ்.ரிவ்யூஸ். அங்கே எழுதியவர்கள் தங்களுக்குத் தோன்றிய அளவுகோலைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். சிலர் நாலு நட்சத்திரம், சிலர் ஐந்து, சிலர் பள்ளிக்கூட கிரேடு. மார்க் லீப்பர் என்ற ரசிகரின் அளவுகோல் மைனஸ் 4-ல் தொடங்கி பிளஸ் 4-ல் முடியும். நட்டநடுவில் பூஜ்யம். ‘சுமார்’ என்பதற்கு இப்படி ஓர் அதிகாரபூர்வமான இருக்கை போட்டுக் கொடுத்தவர் அவர்.

பத்து இலக்கத்தில் ஒரு கூட்டம்

ரெக்.ஆர்ட்ஸ்.மூவிஸ் ரசிகர்கள் பேச்சோடு நிற்கவில்லை, பட்டியல் போட்டார்கள். நடிகைகள், நடிகர்கள், இயக்குநர்கள், இறந்துபோனவர்கள் என்று ஆளுக்கொரு பட்டியல். பிரிஸ்டலில் ஹியூலெட் பேக்கர்டில் பொறியாளராக இருந்த கால் நீதம் 1990 அக்டோபர் 17-ல் இந்தப் பட்டியல்களுக்குள் தேடுவதற்கான யுனிக்ஸ் ஷெல் நிரல்களை வெளியிட்டார். 1993-ல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் கணினியில் அது வலைக்கு வந்தது. அதுதான் ஐஎம்டிபி.

பட்டியல்களோடு ஓட்டும் வந்தது. ஒரு படத்துக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண். நமக்கு மார்க் போடுவது ஒன்றும் புதிதில்லை. ஆனந்த விகடன் விமர்சனத்தில் நூற்றுக்கு நாற்பத்திரண்டா நாற்பத்து நான்கா என்பதில் வீட்டுக்குள்ளேயே சண்டை நடக்கும். 1977-ல் ‘16 வயதினிலே’ வாங்கிய 62.5-ஐ இன்றும் ஆட்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள், அந்த அரை மார்க் உட்பட. ஆனால் விகடனில் எண்ணுக்கு மேலே ஒரு பக்க விமர்சனம் இருக்கும். ஏன் நாற்பத்திரண்டு என்பது அந்தப் பக்கத்தில் கிடைக்கும்.

ஐஎம்டிபி வெகுகாலம் வெளியிட்டுவந்த பழைய எழுத்துக் கோப்புகளில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் சராசரி மதிப்பெண், ஓட்டு எண்ணிக்கை, இவற்றோடு பத்து இடங்கள் கொண்ட ஒரு குறியீடும் இருக்கும். முதல் இடம் 1 மதிப்பெண் போட்டவர்கள், பத்தாவது இடம் 10 போட்டவர்கள். யாருமே போடவில்லை என்றால் புள்ளி. 1 முதல் 9 சதவீதம் பேர் என்றால் 0. 10 முதல் 19 என்றால் 1. 20 முதல் 29 என்றால் 2. இப்படியே போகும்.

கற்பனையாக இரண்டு படங்களை எடுத்துக்கொள்வோம். முதல் படத்தின் குறியீடு 0000231000. ஐந்தும் ஆறும் போட்டவர்கள்தான் பாதிக்கு மேல். இரண்டாவது படத்தின் குறியீடு 3000000003. ஒரு கூட்டம் 1 போட்டிருக்கிறது, இன்னொரு கூட்டம் 10 போட்டிருக்கிறது, நடுவில் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் கொஞ்சம் பேர்தான். இரண்டுக்கும் சராசரி 5.7 வரும்படி என்னால் ஓட்டுகளைப் பிரித்துக் காட்ட முடியும். முதல் படம் ‘ஒரு தடவை பாக்கலாம்’. இரண்டாவது படம் குடும்பத்தில் சண்டை மூட்டும் படம். 5.7 என்ற எண் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. பத்து எழுத்துக் குறியீடு பிரித்துக் காட்டுகிறது. நினைவகம் தங்க விலைக்கு விற்ற காலத்தில்கூட, கூட்டத்தின் வடிவத்துக்குப் பத்து பைட் ஒதுக்கினார்கள்.

1998-ல் ஐஎம்டிபியை அமேசான் வாங்கியது. ரசிகர்கள் சம்பளம் இல்லாமல் சேர்த்த பட்டியல்கள் ஒரு நிறுவனத்தின் சொத்தாயின. அந்தத் தளத்திலிருந்த உரையாடல் பலகைகள் 2017 பிப்ரவரி 20-ல் மூடப்பட்டன. இன்று எவரும் இறக்கிக்கொள்ள ஐஎம்டிபி தரும் மதிப்பெண் கோப்பில் சராசரியும் ஓட்டு எண்ணிக்கையும் இருக்கின்றன. அந்தப் பத்து எழுத்து இல்லை. தளத்துக்குப் போய்ப் பார்த்தால் பட்டை வரைபடமாக இன்னும் தெரியும், அது வேறு விஷயம். மொத்தமாக இறக்கி ஆராய்ச்சி செய்கிறவன் கைக்கு வருவது ஒற்றை எண்தான்.

நடுவில் நின்றவர்கள் வெளியே

இப்போது 2002-க்கு வருவோம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் போ பாங், லில்லியன் லீ, ஐபிஎம்மின் சிவகுமார் வைத்தியநாதன் மூவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு விமர்சனத்தைக் கொடுத்தால் அது பாராட்டா திட்டா என்று கணினி சொல்ல முடியுமா என்பது கேள்வி. இதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது ரெக்.ஆர்ட்ஸ்.மூவிஸ்.ரிவ்யூஸ் குழுவின் பழைய விமர்சனங்களை. நட்சத்திரமோ எண்ணோ போட்டிருந்த விமர்சனங்களை மட்டும் எடுத்து, பிடித்தது, பிடிக்காதது, நடுநிலை என்று மூன்றாகப் பிரித்தார்கள். பிறகு நடுநிலையை ஒதுக்கிவிட்டார்கள். மிஞ்சியது 144 பேர் எழுதிய 752 எதிர்மறை விமர்சனங்களும் 1,301 நேர்மறை விமர்சனங்களும். அதிலிருந்து பக்கத்துக்கு 700 எடுத்துச் சோதித்தார்கள்.

முதலில் கணினி அறிவியல் படிக்கும் இரண்டு மாணவர்களிடம், நல்ல விமர்சனத்தில் வரும் சொற்கள் எவை, மோசமான விமர்சனத்தில் வரும் சொற்கள் எவை என்று பட்டியல் கேட்டார்கள். பிரில்லியன்ட், எக்சலன்ட், டெரிபிள், ஆஃபுல் என்று நீங்களும் நானும் சொல்லக்கூடிய சொற்கள்தான். அந்தப் பட்டியல்களை வைத்துக் கணித்ததில் கிடைத்த துல்லியம் 58 சதவீதமும் 64 சதவீதமும். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். புள்ளிவிவரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இன்னொரு சிறு பட்டியல் 69 சதவீதம் வாங்கியது. அந்தப் பட்டியலில் நேர்மறைப் பக்கம் ‘ஸ்டில்’ என்ற சொல் இருந்தது. எதிர்மறைப் பக்கம் கேள்விக்குறி இருந்தது.

கொஞ்சம் யோசித்தால் புரியும். ‘ஸ்டில்’ என்பது நம்முடைய ‘இருந்தாலும்’. ‘இருந்தாலும் பாக்கலாம்பா’ என்று எழுதுகிறவர் கடைசியில் படத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறார். கேள்விக்குறி என்பது ‘இதுக்கா இவ்ளோ செலவு?’ என்ற வயிற்றெரிச்சல். ரசிகனின் தீர்ப்பு பாராட்டுச் சொல்லில் மட்டும் இல்லை, இப்படிப்பட்ட திருப்பத்திலும் இருக்கிறது.

இயந்திரக் கற்றல் முறைகளில் அதிகபட்சம் 82.9 சதவீதம் வந்தது. இன்னும் ஏன் தவறுகிறது என்று பார்த்தபோது அவர்களே ஒரு காரணத்தைக் குறித்தார்கள். விமர்சகர் நல்ல நடிகர், நல்ல கதை, நல்ல இசை என்று அடுக்கிக்கொண்டே போய், ஒரே ஒரு ‘ஆனால்’ போட்டுக் கவிழ்த்துவிடுகிறார். சொற்களை எண்ணுகிற கணினிக்கு இது பாராட்டாகத் தெரிகிறது. நம்ம ஊர் டீக்கடையில் யாரும் இதில் ஏமாற மாட்டார்கள். ‘எல்லாம் சரிதான்…’ என்று ஆரம்பித்தாலே என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிடும்.

2011-ல் ஸ்டான்ஃபோர்டின் ஆண்ட்ரூ மாஸும் சகாக்களும் இதைப் பெரிதாக்கினார்கள். லேபிள் ஒட்டிய 50,000 ஐஎம்டிபி விமர்சனங்கள், பாதி பயிற்சிக்கு, பாதி தேர்வுக்கு. பத்துக்கு 4 அல்லது அதற்குக் கீழே போட்டிருந்தால் எதிர்மறை. 7 அல்லது அதற்கு மேலே போட்டிருந்தால் நேர்மறை. 5-ம் 6-ம் போட்டவர்களுக்கு அதில் இடமே இல்லை. இயந்திரக் கற்றல் படிக்கிற மாணவன் முதல் மாதத்திலேயே தொட்டுவிடுகிற தரவு இது. கெராஸ் மாதிரியான நிரல் தொகுப்புகளில் உள்ளமைந்தே வருகிறது.

இதில் சதி எதுவும் இல்லை. ஒருவருக்கு 5 என்பது ‘பரவாயில்லை’, இன்னொருவருக்கு அதே 5 ‘தலைவலி’. தெளிவான கேள்வித்தாள் வேண்டும் என்றால் குழப்பமான கேள்விகளை எடுத்துவிடுவது நியாயமான பொறியியல் முடிவு. கட்டுரையிலும் அதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். பிரச்சினை அதற்குப் பிறகு வருகிறது. அந்தத் தேர்வில் 90 சதவீதம் வாங்கிய முறைகளை எடுத்துக்கொண்டு போய், ஓட்டல், செல்போன், வாடிக்கையாளர் புகார் எல்லாவற்றையும் பச்சை, சிவப்பு என்று பிரிக்கப் பயன்படுத்தினோம். நடுவில் ஆட்கள் இருப்பார்கள் என்றே சொல்லித்தரப்படாத மாணவன், நடுவில் நிற்பவரைப் பார்த்தால் ஏதாவது ஒரு பக்கம் தள்ளித்தான் விடுவான்.

தமிழுக்கு வந்தபோது

2020-ல் பாரதி ராஜா சக்கரவர்த்தியும் சகாக்களும் தமிழ்-ஆங்கிலம் கலந்த தரவுத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார்கள். யூடியூபில் தமிழ்ப் பட டிரெய்லர்களுக்குக் கீழே வந்த 15,744 கருத்துகள். ‘வேற லெவல்’, ‘வெறித்தனம்’ எல்லாம் ஆங்கில எழுத்தில் தட்டப்பட்ட தமிழாக வரும் உலகம் அது. இவற்றைப் பிரித்தபோது அவர்கள் இரண்டு பெட்டிகளோடு நிற்கவில்லை. நேர்மறை 10,559. எதிர்மறை 2,037. எந்த உணர்வும் தெரியாதவை 850. தமிழே இல்லாதவை 497. கடைசியாகக் கலவையான உணர்வு என்று ஒரு பெட்டி வைத்தார்கள், அதில் 1,801.

நேர்மறை மூன்றில் இரண்டு பங்கு இருப்பதில் ஆச்சரியம் இல்லை. டிரெய்லருக்குக் கீழே வருகிறவர்களில் பலர் படம் பார்க்காமலே தலைவருக்கு மாலை போட வந்தவர்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த இரண்டு எண்கள். எதிர்மறை 2,037, கலவை 1,801. ரசிகர் மன்றம் மாதிரி இருக்கிற இடத்தில்கூட, ‘மியூசிக் ஓகே, ஆனா கதை எங்கயோ பாத்த மாதிரி இருக்கு’ வகை ஆட்கள், திட்டுகிறவர்களுக்கு ஏறக்குறைய சமமாக இருக்கிறார்கள். பெட்டி வைத்ததால் அவர்கள் கணக்கில் வந்தார்கள். பழைய இரண்டு பெட்டி முறையில் இந்த 1,801 பேரும் குப்பைக்கூடைக்குப் போயிருப்பார்கள், அல்லது கட்டாயமாக ஒரு கட்சியில் சேர்க்கப்பட்டிருப்பார்கள்.

தமிழுக்கான தரவு சேர்க்கும் வேலை இப்போதுதான் சூடுபிடித்திருக்கிறது. அதில் இருக்கிற நண்பர்களுக்கு இந்த வரலாற்றிலிருந்து சொல்ல மூன்று விஷயம் இருக்கிறது. நடுப்பெட்டியை எடுக்காதீர்கள், அதில் மதிப்பெண் குறைந்தாலும் பரவாயில்லை. சராசரியை மட்டும் சேமிக்காதீர்கள், ஓட்டு எப்படிப் பரவியிருக்கிறது என்பதையும் வையுங்கள், அதற்குப் பத்து பைட் போதும் என்று முப்பது வருஷத்துக்கு முன்பே காட்டிவிட்டார்கள். ‘ஆனா’வுக்குப் பிறகு வரும் வாக்கியத்தைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

படம் பார்ப்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான். அடுத்த தடவை நட்சத்திரத்தைத் தட்டிவிட்டு நகரும்போது, எங்கே இழுத்தது, எது காப்பாற்றியது என்று ரெண்டு வரி சேர்த்து எழுதிவிட்டுப் போங்கள். நாளைக்குப் படிக்கப் போகிற மனிதருக்கும் அது உதவும், கணினிக்கும் உதவும்.