வியன்னாவுக்கும் புடாபெஸ்டுக்கும் நடுவே விழுந்த கோடு

பனிப்போர்க் கால ஐரோப்பாவை நேட்டோ, வார்சா என இரு வண்ணங்களில் தீட்டிக் காட்டும் நிலப்படம் பாடநூல்கள் வழியே பழகிப்போன ஒன்று. ஆனால் அந்தக் கோடு எங்கே விழும் என்பது 1955 மே மாதம் வரையிலும் முழுமையாக முடிவாகியிருக்கவில்லை.

நேட்டோ 1949 ஏப்ரல் 4 அன்று 12 நாடுகளுடன் தோன்றியது. ஓர் உறுப்பு நாட்டின் மீதான தாக்குதல் அனைவர் மீதுமான தாக்குதலாகக் கருதப்படும் என்றது அதன் ஐந்தாம் பிரிவு. எதிரணி அமைக்கச் சோவியத் ஒன்றியம் அவசரப்படவில்லை. கிழக்கு ஐரோப்பிய நாடுகளோடு செய்துகொண்ட தனித்தனி உடன்படிக்கைகளே அதற்குப் போதுமானவையாக இருந்தன. 1954 மார்ச்சில், நேட்டோவில் தானே சேரத் தயார் என்றுகூட மாஸ்கோ அறிவித்துப் பார்த்தது. மேற்கு நாடுகள் ஏற்கவில்லை. 1955 மே மாதத் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனி நேட்டோவில் இணைந்தது. மே 14 அன்று வார்சாவில் எட்டு நாடுகள் கையெழுத்திட்டன.

மறுநாளே வியன்னாவின் பெல்வெடேர் அரண்மனையில் இன்னொரு கையெழுத்து. பத்தாண்டுகளாக நான்கு வல்லரசுகளின் படைகள் பங்கிட்டுக்கொண்டிருந்த ஆஸ்திரியா அதன்வழி இறைமையை மீளப் பெற்றது. அந்நியப் படைகள் வெளியேறின. அக்டோபரில் நிரந்தர நடுநிலை சட்டமாயிற்று.

இவ்விரு கையெழுத்துகளுக்கும் இடையே அகப்பட்டது ஹங்கேரி. அங்கே சோவியத் படை தங்குவதற்கு 1947 சமாதான உடன்படிக்கை அளித்திருந்த காரணம் ஒன்றே ஒன்றுதான்: ஆஸ்திரியாவிலுள்ள சோவியத் படையோடு போக்குவரத்துத் தொடர்பைக் காத்தல். ஆஸ்திரியாவிலிருந்து படை விலகினால் அந்தக் காரணமும் மறைந்துவிடும். அவ்விடைவெளியை வார்சா உடன்படிக்கை ஒரு நாள் முன்னதாகவே அடைத்துவிட்டது. அதனால்தான் அதனை நேட்டோவுக்கான எதிர்வினை என்று மட்டும் வாசிப்பது போதாது.

உறுப்பு நாடுகளின் உள்விவகாரங்களில் தலையிடாமை என்பதும் அவ்வுடன்படிக்கையின் எட்டாம் பிரிவில் எழுதப்பட்டேயிருந்தது. 1956 நவம்பர் 1 அன்று பிரதமர் இம்ரே நாகி, ஹங்கேரி கூட்டணியிலிருந்து விலகி நடுநிலை வகிக்கும் என அறிவித்தார். அண்டை நாட்டுக்கு ஓராண்டுக்கு முன் கிடைத்ததைத்தான் அவர் கேட்டார். நவம்பர் 4 விடியலில் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டைத் தாக்கின.

நேட்டோ அசையவில்லை. ஹங்கேரி அதன் உறுப்பினர் அன்று என்பதால் ஐந்தாம் பிரிவு பொருந்தாது, சட்டப்படி சரிதான். (அதன் முதன்மை உறுப்பினர்களான பிரிட்டனும் பிரான்சும் அதே வாரம் எகிப்தின் மீது குண்டு வீசிக்கொண்டிருந்தன என்பதையும் மறக்க இயலாது.) ஏறத்தாழ 2 இலட்சம் பேர் நாட்டைவிட்டு ஓடினர், பெரும்பாலோர் கடந்தது ஆஸ்திரிய எல்லையையே. நாகி 1958 ஜூன் 16 அன்று தூக்கிலிடப்பட்டார்.

1968 ஆகஸ்டில் வார்சா அணிப் படைகள் கூட்டாக எல்லை தாண்டியபோதும் அவை நுழைந்தது தம் அணியின் உறுப்பு நாடான செக்கோஸ்லோவாக்கியாவுக்குள்தான். அப்படைகளில் ஹங்கேரியப் படையும் இருந்தது.

நாகியின் உடல் 1989 ஜூன் 16 அன்றுதான் புடாபெஸ்டில் உரிய மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டது. கடைசிச் சோவியத் வீரர் ஹங்கேரியை விட்டு வெளியேறியது 1991 ஜூன் 19 அன்று. அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து, பிராகாவில், வார்சா உடன்படிக்கை கலைக்கப்பட்டது.