ஜூன் 1948: தேதிகளின் வரிசை

பிரிட்டிஷ் ஆட்சி கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அறிவித்த மலாயா அவசரகாலம் என்றதும் ஜொகூரில் எல்லோரும் சொல்வது புக்கிட் கெப்போங். 1950 பிப்ரவரி 23 அன்று, மூவார் ஆற்றங்கரையில் இருந்த அந்தக் காவல் நிலையத்தைக் கம்யூனிஸ்ட் படை சுற்றிவளைத்துத் தீ வைத்தது. 1981இல் ஜின்ஸ் சம்சுடின் அதைப் படமாகவும் எடுத்தார். நான் தேடிப்போனது வேறு: அவசரகாலத்துக்கு முன் தோட்டங்களில் கொடிகட்டிப் பறந்த இடதுசாரிச் சங்கங்களை முடித்தது எது?

ஜூன் 16இல் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டார்கள், அவசரகாலம் வந்தது, சங்கங்கள் போயின என்பதே வழக்கமான பதில். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் மின்னாவணத்தில் பழைய நாளேடுகளைப் பின்னோக்கிப் புரட்டினால் கதை முன்னதாகவே தொடங்குகிறது. ஜூன் 1: சிகாமட்டில் சான் காங் சுவீ தோட்டத்தில் போராடிய சீனத் தொழிலாளர்களைப் போலீஸ் தாக்கியது, சிலர் அடிபட்டே செத்தார்கள். இதைப் படமெடுக்க யாரும் வரவில்லை.

அடுத்த தடயம் தொழிற்சங்கச் சட்டத் திருத்தம். சங்க நிர்வாகிகளுக்கு அந்தத் தொழிலில் மூன்றாண்டு அனுபவம் வேண்டும். பல தொழில்களைச் சேர்த்த சம்மேளனம் கூடாது. பார்க்க அலுவலக விதிபோலத்தான் இருக்கிறது. ஆனால் அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் கழுத்துக்கு அளவெடுத்த கயிறு அது. சம்மேளனம் பதிவை இழந்ததும் அவசரகால அறிவிப்புக்குச் சில நாள் முன்னர்தான். அதன் தலைவர் எஸ். ஏ. கணபதி கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். நேரு அரசின் முறையீடு எடுபடவில்லை. சங்கத்தை அவசரகாலப் போர் கொல்லவில்லை, அதைப் புதைக்க இடம் கொடுத்தது என்றே நான் படிக்கிறேன்.

1950 ஜூனில் மக்களைப் பெயர்த்துக் குடியமர்த்தும் பிரிக்ஸ் திட்டம் ஜொகூரிலிருந்து தொடங்கியது. காட்டோரச் சீனக் குடிகள் புதுக்கிராமங்களுக்குப் போனார்கள். தோட்ட லயங்களைச் சுற்றி முள்வேலி ஏறியது. பழைய சங்கங்கள் போய்க் காலியான இடத்தில் 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் எழுந்தது, கூலிப் பேச்சோடு நிற்கும் சங்கமாக. அதே ஆண்டு மலாயா இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) இனக் கட்சிகளின் கூட்டணியில் சேர்ந்தது. தோட்டத் தமிழனின் அரசியல் வர்க்கத்திலிருந்து இனத்துக்கு மாறியது இப்படித்தான்.

தேதி வரிசை கடைசியிலும் பேசுகிறது. அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிந்தது. மறுநாளே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் (இசா) அமலுக்கு வந்தது. காட்டுப் போராளிகளுக்கு எதிராகப் பிறந்த தடுப்புக்காவல் அதிகாரம் அதில் உயிர்தப்பியது. 2007 டிசம்பரில் இந்தியர் உரிமை இயக்கமான இண்ட்ராப்பின் தலைவர்கள் ஐவரை விசாரணையின்றி கமுந்திங் தடுப்பு முகாமில் அடைத்ததும், 2012இல் நீக்கப்பட்ட அதே சட்டம்தான்.