காவலூர் கண்ட யுரேனஸ் ‘துணைக்கோள்’

1977 மார்ச் 10–11 இரவில் காவலூர் வானாய்வகத்தில் பதிவான விண்மீன் மறைப்பைக் கொண்டு, யுரேனஸைச் சுற்றுவதாக அறிவிக்கப்பட்ட துணைக்கோள். அப்படியொரு துணைக்கோள் இல்லை. விண்மீனை மறைத்தது யுரேனஸின் வளையம்.

காவலூர், இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலையில் இருக்கிறது. அன்றிரவு எஸ்ஏஓ 158687 என்ற மங்கலான விண்மீனை யுரேனஸ் கடக்கவிருந்தது. இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் 102 செ.மீ. தொலைநோக்கியின் வழியே அதன் ஒளியை அளந்துகொண்டிருந்தனர். கோளின் வட்டிலிருந்து விலகிய ஓரிடத்தில் அந்த ஒளி சில வினாடிகள் சரிந்து மீண்டது. விண்மீன் மறைப்பை அளப்பது காவலூருக்குப் பழகிய உத்திதான். 1972இல் வியாழனின் துணைக்கோள் கானிமீடு ஒரு விண்மீனை மறைத்ததையும் இங்கே அளந்திருந்தார்கள். சரிவுக்குக் காரணம் புதிய துணைக்கோள் என்று இருவரும் ‘நேச்சர்’ இதழில் எழுதினர். அன்றைக்கு வளையம் உள்ளதாக அறியப்பட்ட கோள் சனி ஒன்றே என்பதால், இதை அவசர முடிவு என்று சொல்வது நியாயமாகாது.

அதே இரவில் இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்த கைப்பர் வானாய்வு விமானத்தில் அமெரிக்க வானியலாளர் ஜேம்ஸ் எலியட் குழுவினர் கோளின் இரு பக்கமும் அளந்தனர். ஒரு பக்கம் ஒளி சரிந்த அதே தொலைவுகளில் மறுபக்கமும் சரிந்தது. துணைக்கோள்கள் அப்படி இருபுறமும் இணை இணையாக நிற்க முடியாது. சுற்றி வளைத்த வளையங்களால்தான் முடியும். பட்டாச்சார்யாவும் அதே நிறுவனத்தின் வைணு பாப்புவும் அவ்வாண்டே, சனியைப் போன்ற வளைய அமைப்பு யுரேனஸுக்கு உண்டு என்று காவலூர்ப் பதிவுகளைக் கொண்டு எழுதினர். துணைக்கோள் எனத் தோன்றியது எப்சிலான் வளையம். அதன் அகலம் இடத்துக்கு இடம் மாறி, ஏறத்தாழ 20 முதல் 96 கி.மீ. வரை இருக்கும். அதன் உள்ளும் புறமுமாக கார்டீலியா, ஒஃபீலியா என்ற இரு சிறு துணைக்கோள்கள் சுற்றுவதை வாயேஜர் 2 விண்கலம் 1986இல் காட்டியது.

யுரேனஸின் உண்மையான துணைக்கோள்களில் ஒழுங்கற்றவை எனப்படுபவை இவற்றினும் வெகு தொலைவில், சாய்ந்து நீண்ட பாதைகளில் செல்பவை. பெரும்பாலானவை, கோள் சூரியனைச் சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில் சுற்றுகின்றன. கோள் உருவான பின் அதன் ஈர்ப்பில் சிக்கியவை என்று கருதப்படுகின்றன. இவை மிகச் சிறியவை என்பதால் ஒரு விண்மீனை மறைப்பது அரிது. பெரிய தொலைநோக்கிகளில் நெடுநேரம் படமெடுத்துத்தான் தேட வேண்டும். அவ்வகையில் முதலில் அகப்பட்டவை 1997இல் பலோமர் வானாய்வகத்தில் கண்ட காலிபனும் சைக்கோராக்ஸும். 2024இல் அறிவிக்கப்பட்ட எஸ்/2023 யு 1 ஏறத்தாழ 8 கி.மீ. அளவுதான், யுரேனஸை ஒருமுறை சுற்ற அதற்கு 680 நாள் ஆகிறது.